எதிர்வீட்டு ஜன்னலில் என் ராசி

நேற்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரே விக்கெட் மூன்று தடவை விழுந்தது. முதலில் மாடியில், என் மகனுடைய லேப்டாப்பில். "போச்சு" என்று அவன் கத்தியது கீழே சமையலறை வரைக்கும் கேட்டது. அப்புறம் பக்கத்து வீட்டு டி.வி.யில். கடைசியாக என் செல்போனில். என் செல்போனில் அப்போதுதான் பந்துவீச்சாளர் பந்தைப் பேண்டில் தேய்த்துக்கொண்டே நடந்து போய்க்கொண்டிருந்தார். மட்டை பிடிப்பவன் தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு நம்பிக்கையோடு நிற்கிறான், பாவம். அவன் அவுட் ஆன விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டது, அவனுக்கும் எனக்கும்தான் தெரியவில்லை.

இதற்குப் பெயர் நேரடி ஒளிபரப்பாம். நீங்களே சொல்லுங்கள், எரிச்சல் வருமா வராதா? மகனைக் கேட்டால் ஏதோ நெட் தாமதம் என்று பாடம் எடுக்கிறான். இது போதாதென்று குடும்ப வாட்ஸாப் குழுவில் சவுதியில் தம்மாமில் இருக்கும் என் தம்பி, எனக்குப் பந்து வரும் முன்னாலேயே அழுகிற பொம்மையை அனுப்பிவிடுகிறான். கடல் கடந்து இருக்கிறவனுக்கு முதலில் போகிறது, ஆரல்வாய்மொழியில் இருக்கிற எனக்குக் கடைசியில் வருகிறது. செல்போனைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தால் உள்ளங்கையில் துரு வாசனை.

அந்த வாசனை எனக்கு இரண்டு வருஷப் பழக்கம். இருபத்திரண்டு வயதில், பி.காம். முடித்து, தக்கலையில் ஒரு முந்திரி ஏற்றுமதி ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்த காலம். முந்திரித்தோல் சுட்ட புகை சேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அது ஒரு பக்கம். நான் சொல்ல வந்தது இந்த இன்னொரு வாசனையை, எதிர்வீட்டு ஜமால் மாமாவின் ஜன்னல் கம்பி வாசனையை.

என் பிறந்த வீட்டுத் தெருவில், கரண்டைப் பொறுத்தவரை எங்கள் வரிசை ஒரு ஃபேஸ், எதிர் வரிசை இன்னொரு ஃபேஸ். எங்களுக்குக் கரண்ட் போனால் எதிரே இருக்கும். எதிரே போனால் எங்களுக்கு இருக்கும். ஆகவே தெருவில் எல்லாருக்கும் எதிர்வீட்டோடு நல்ல சிநேகம். ஆட்டம் நடக்கையில் கரண்ட் போனால் மொத்தக் குடும்பமும் செருப்புப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடும். ஓட முடியாத ஒரே குடும்பம் நாங்கள்தான். ஏனென்றால் என் அப்பாவும் ஜமால் மாமாவும் பேசிக்கொள்வதில்லை.

வேலித் தகராறு என்றோ கொடுக்கல் வாங்கல் என்றோ நினைத்துவிடாதீர்கள். ரன் அவுட். இரண்டு பேரும் இளவட்டமாக இருந்தபோது ஒரே கிளப்பில் ஆடியவர்கள். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயலில் ஒரு பைனல். ஜெயிக்க இரண்டு ரன் வேண்டும், அப்பா ரன் அவுட். ஜமால் மாமா அடித்துவிட்டு இரண்டாவது ரன்னுக்கு ஓடிவந்து, பாதியில் நின்று, திரும்பிப் போய்விட்டார் என்பது அப்பாவின் கட்சி. அப்பா மத்தியானம் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார், அந்த ஓட்டத்துக்கு அம்பயரே கொட்டாவி விட்டார் என்பது மாமாவின் கட்சி. அன்றிலிருந்து பேச்சு இல்லை. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, ஆளுக்கொரு டி.வி. வாங்கி, எதிரும் புதிருமாக வீடு கட்டியும் பேச்சு இல்லை.

ஒரு நாள் கடைசி ஓவரில் எங்கள் வரிசைக்குக் கரண்ட் போயிற்று. ஏழு ரன் வேண்டும். அப்பா இருட்டு டி.வி.யையே முறைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மானம் மரியாதை எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடி, ஜமால் மாமா வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஜெயித்துவிட்டோம். திரும்பி வந்தால் அப்பா வாசலிலேயே நிற்கிறார். எப்படி ஜெயித்தார்கள் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, நான் எங்கே நின்றேன், எந்தக் கையால் கம்பியைப் பிடித்திருந்தேன் என்று.

இடது கை என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முட்டாள்தனமான பதில் அதுதான்.

அடுத்த ஆட்டத்தில் எங்கள் வீட்டில் கரண்ட் ஜோராக இருந்தது. மூன்று விக்கெட் போனதும் அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"மக்கா, நீ அங்க போயி நில்லு."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. போய் நின்றேன். நின்ற இரண்டாவது பந்தில் சிக்ஸர். முடிந்தது என் கதை. அன்றிலிருந்து இரண்டு வருஷம், எங்கள் வீட்டில் நாற்காலியும் மின்விசிறியும் டி.வி.யும் இருக்க, சம்பாதிக்கிற பெண்ணான நான் அடுத்தவர் வீட்டு ஜன்னலில் நின்று கிரிக்கெட் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதும் பொய். ஜமால் மாமாவின் நாற்காலி சரியாக ஜன்னலுக்கும் டி.வி.க்கும் நடுவில் கிடக்கும். அவருடைய வழுக்கைக்கு இடது பக்கம் பந்துவீச்சாளர் தெரிவார், வலது பக்கம் ஸ்கோர் தெரியும். மட்டை பிடிக்கிறவனைப் பார்த்ததே இல்லை.

ஆயிஷா மாமி, ஜமால் மாமாவின் மனைவி, நல்ல மனுஷி. கம்பி வழியாகச் சாயாவும் கிண்ணத்தப்பமும் நீட்டுவாள். ஒரு நாள் கேட்டே விட்டாள்: "ஒனக்க வீட்டுலதான் டி.வி. ஓடுதே, ஒனக்க அப்பா என்னத்துக்குப் பிள்ளைய ரோட்டுல நிறுத்துதாரு? உள்ள வா." ஜமால் மாமா திரும்பாமலே வேண்டாம் என்று கை காட்டினார். நான் அங்கே நின்றால் ஜெயிக்கிறோம் என்பதை அவரும் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். இருபத்தைந்து வருஷமாகப் பேசாத இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம், நான் வெளியே நிற்க வேண்டும் என்பது. அப்பாவும் சட்டம் போட்டிருந்தார். சாயா குடிக்கலாம், உள்ளே போகக் கூடாது.

இதில் இன்னொரு கூத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க மார்த்தாண்டத்திலிருந்து வந்தவர்கள், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, ஜன்னலில் நின்ற என்னிடமே எங்கள் வீட்டுக்கு வழி கேட்டார்கள். ஓவர் நடுவில் கையை எடுக்கக் கூடாதே, வலது கையால் காட்டினேன். அந்தச் சம்பந்தம் அப்படியே போயிற்று. அம்மா ஒரு வாரம் அழுதாள். அப்பாவுக்கும் வருத்தம்தான். ஆனால் அன்றைக்கு ஜெயித்தோம் என்று அவர் இரண்டு தடவை சொன்னது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பிறகு ஆரல்வாய்மொழியிலிருந்து இந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, அமைதியான ஆள். அப்பா விசாரித்தது வேறு. அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன, ஊருக்கெல்லாம் கரண்ட் எடுக்கிற இடம், ஆகவே ஆட்டம் நிற்காமல் பார்க்கலாம் என்று முடிவு செய்தார். (இங்கே கரண்ட் போகிற அழகை அவர் பின்னால் வந்து தங்கித்தான் தெரிந்துகொண்டார்.) கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு பைனல் வந்தது. அந்த வீட்டில் எனக்கு அதுதான் கடைசி ஆட்டம். முந்தின நாளே அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஒரே ஒரு ஆட்டம், ஒங்க பக்கத்துல இருந்து பாக்கணும். நான் வேற ஒண்ணும் கேக்கல்ல."

அப்பா வெகுநேரம் துண்டின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு சரி என்று தலையாட்டினார். அவர் முகத்தைப் பார்த்தால் பைனலையே தோற்றுக்கொடுத்தது போல இருந்தது.

மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். விழுகிறது விக்கெட். நாலாவது போனபோது அப்பா துண்டைப் பல்லால் கடித்தார். என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மனுஷன் எனக்காகப் பட்ட கஷ்டத்தில் அதுதான் பெரியது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்கு வீம்புதான். எழுந்திருக்கவே மாட்டேன் என்று நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஐந்து ஓவர் இருக்கையில் எங்கள் வரிசைக்குக் கரண்ட் போயிற்று.

"சவத்துக் கரண்டு" என்றார் அப்பா. நான் எழுந்து கிளம்பினேன். அப்பாவும் எழுந்தார். எங்கே என்று கேட்டேன். "பக்கத்துல இருந்து பாக்கணும்னு சொன்னியே" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார்.

இரண்டு பேரும் அந்த ஜன்னலில் நின்றோம். ஆயிஷா மாமி வாயில் கை வைத்துக்கொண்டாள். ஜமால் மாமா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எழுந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஜன்னலிலிருந்து மட்டை பிடிக்கிறவனைப் பார்த்தேன். அவன் நன்றாக ஆடினான். அப்பாவின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. ஐந்து ஓவரும் முழுதாகப் பார்த்தோம், தோற்றோம்.

பிறகு ஜமால் மாமா டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒருத்தி நிக்க வேண்டிய எடத்துல ரெண்டு பேரு வந்து நின்னா எப்படி வெளங்கும்?"

"ஒனக்கு எப்பமும் அடுத்தவன் மேலதானே குத்தம். அண்ணைக்குப் பாதியில நின்னது யாரு?" என்றார் அப்பா.

அவ்வளவுதான். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், முக்கால் மணி நேரம் சுசீந்திரம் வயலில் சண்டை போட்டார்கள். சோறு, வயிறு, அம்பயர் கொட்டாவி எல்லாம் வந்தது. எங்கள் பக்கம் கரண்ட் வந்த பிறகும் நிறுத்தவில்லை. மாமி இரண்டு சாயா கொண்டுவந்து வைத்தாள். என் கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் நின்று பரிமாறியது ஜமால் மாமாதான்.

நான் இங்கே வந்த பிறகு ஆட்டத்தன்று அப்பாவிடமிருந்து போன் வரும். நலமா என்று கேட்க மாட்டார். எங்கே இருக்கிறாய் என்று கேட்பார். கூடத்தில் என்றால் பேச்சு இருக்காது. நான் போய் வெளியே ஜன்னல் பக்கம் நின்றேன் என்று சொன்னால்தான் வைப்பார். பாதி நாள் பொய் சொன்னேன், மீதி நாள் நிஜமாகவே நின்றேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்டதில்லை, குடையை மட்டும் கொண்டுவந்து கொடுப்பார். அப்பா போன பிறகு அந்த போன் ஜமால் மாமாவிடமிருந்து வரத் தொடங்கியது. "எங்க நிக்குத மக்கா?" பின்னால் மாமியின் குரல் கேட்கும், பிள்ளைய விடுங்க என்று. போன வருஷம் மாமாவும் போய்ச்சேர, அதுவும் நின்றது. அவர்கள் வீட்டை வாங்கியவர்கள் ஏ.சி. வைத்து ஜன்னலை அடைத்துவிட்டார்கள் என்று தம்பி சொன்னான்.

நேற்றைய ஆட்டத்துக்கு வருகிறேன். விக்கெட் போன எரிச்சலில் ஜன்னலில் நின்றேன் என்றேன் அல்லவா, இரண்டு நிமிஷம்தான். மூட்டு வலி. வந்து கூடத்தில் சோபாவின் நடுவில், காலை நீட்டி, சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கடைசிப் பந்து வரைக்கும் அசையவில்லை. இடது கையில் முறுக்கு இருந்தது. நம்மவர்கள் தங்கள் பாட்டுக்கு ஆடி, ஆறு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார்கள்.

அப்படியென்றால் அந்த இரண்டு வருஷம் என்னை எதற்காக வெளியே நிறுத்தினார்கள்? இதைக் கேட்டுச் சண்டை போட வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், யாரைக் கூப்பிட என்றுதான் தெரியவில்லை.