மஞ்சள் பூசிய ஆர்ட் பேப்பர்

எங்கள் மானிப்பாய் அச்சகத்துக்கு லேசர் பிறின்ரர் வந்த புதிது. என் வருங்கால மாமனார் கொடிகாமத்திலிருந்து ஒரு கட்டுக் கடதாசியோடு வந்து இறங்கினார். மரக்கறி வியாபாரி. மாப்பிள்ளை வீட்டுக் கலியாண அழைப்புக் காட்டை வரப்போகிற மருமகளே அடித்துத் தரவேண்டும் என்று அவருக்கு ஆசை. கலியாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போகவேண்டுமா என்று அந்த வீட்டில் இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது. நானோ அந்த மெசினை விட்டு வருவதாக இல்லை.

கட்டைப் பிரித்தேன். பளபளவென்று ஆர்ட் பேப்பர். அதுமட்டுமா, ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஈர மஞ்சள்! அச்சடித்த பிறகு பூசுவதல்லவா வழக்கம்?

"நல்ல நேரம் காலமைதான் இருந்தது, பிள்ளை. அதுதான் பிள்ளையார் கோயிலிலை வைச்சு முதலே பூசிப்போட்டம்."

"மாமா, உது லேசருக்குச் சரிவராது. ஈரக் கடதாசி உள்ளுக்கை சிக்கும். வழுவழுப்பிலை ரோனர் மைத்தூள் ஒட்டாது."

"கொழும்பிலையிருந்து எடுப்பிச்சது. உதிலை ஒட்டாட்டி வேறை எதிலை ஒட்டும்?"

வாயை மூடு என்று அச்சக முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டினார். ஒரு தாளை வெயிலில் காயவைத்து மெசினுக்குள் விட்டேன். தூளை உருக்கிப் பிடிக்கவைக்கும் சூடு மஞ்சளில் பட்டதும் அறை முழுக்க மணம்.

"என்ன பிள்ளை, உள்ளுக்கை சொதி வைக்கிறியோ?" என்றார் முதலாளி.

தாள் என்னவோ அழகாகத்தான் வந்தது. மாமா மகனின் பெயரை ஆசையோடு பெருவிரலால் தடவினார். பெயர் போய்விட்டது! கறுப்புத் தீற்றல் ஒன்று, பக்கத்தில் என் பெயர். கலியாணக் காட்டில் மாப்பிள்ளையே இல்லை.

அபசகுனம் என்று எழும்பிப் போய்விடுவாரோ என்று அவரையே பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பாழாய்ப்போன சிரிப்பு வந்தது. அடக்க அடக்க மூக்கால் வந்தது. முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

மாமா தன் கறுத்த விரலைப் பார்த்தார். "அவன் சின்னனிலையிருந்தே உப்பிடித்தான் பிள்ளை, ஒரு இடத்திலை நிக்கமாட்டான்!" என்று மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கந்தோர்களில் கடிதம் ரைப் அடிக்கிற வெள்ளைக் கடதாசியில், கொஞ்சம் தடிப்பானதாகப் பார்த்து அடித்தேன். மாமா தேய்த்தார், நகத்தால் சுரண்டினார். மகன் அசையவில்லை. கோயிலில் வைத்த தாள்களை எறிய அவருக்கு மனம் வரவில்லை. பிறகு எங்கள் கலியாணப் பலகாரத்தை அவற்றில்தான் சுற்றிக் கொடுத்தார்கள்.

லேசருக்குக் கடதாசி எடுக்கப்போகும் தம்பி தங்கைகளே, விலையிலும் பளபளப்பிலும் மயங்காதீர்கள். காய்ந்த, வழுவழுப்பில்லாத தாளாக எடுங்கள். முதலில் ஒன்றை அடித்து விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வாடிக்கையாளர் மாமனாராகவே இருந்தாலும் தேய்த்துக் காட்டுங்கள்.

அன்று படியிறங்கும்போது மாமா திரும்பிச் சொன்னார்: "வேலையை விட்டிடாதை, பிள்ளை. நீயில்லாட்டி என்ரை பெடியனைக் கடதாசியிலை ஆர் பிடிச்சு வைக்கிறது?"