பொலியில் பத்தில் ஒன்று

எனக்குப் பேச்சு வராது. திக்குவாய் இல்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டு, நான் 'உள்ளேன் ஐயா' சொல்வதற்குள் அடுத்தவன் பெயருக்குப் போய்விடுவார். ஐந்தாம் வகுப்பு வரை நான் வந்த நாட்களில் பாதிக்கு ஆப்சென்ட் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று பேசினேன். அதனால் வந்த கூத்து இது.

பூதலூருக்குத் தெற்கே, புது ஆற்றின் கிளை வாய்க்காலில் கடைசி மடை எங்களுடையது. மற்றவர்களுக்கெல்லாம் பாய்ந்து மிச்சம் இருந்தால் எங்களுக்குத் தண்ணீர். வருஷத்துக்கு ஒரு போகம். நிலம் மிராசுதாருடையது, உழவு எங்களுடையது, விளைவதில் இருவருக்கும் பங்கு. குத்தகைக்காரன் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்த சமயம் அது. பல ஊர்களில் அதற்காகவே ஆளை நிலத்தைவிட்டு இறக்கினார்கள். கீழ்ப்பக்கம் வரப்பில் சிவப்புக் கொடி நட்டதும், களத்தில் போலீஸ் லாரி நின்றதும் தினம் காதில் விழும். எங்கள் மிராசுதாரோ தாசில்தார் வந்த அன்று தாமே வந்து, "இவன்தான் உழுவுறான், எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். என் பெயரைச் சர்க்கார் காகிதத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிறு, ஆண்டவர் செய்த நன்மையை அவரவர் எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் என் கால் தானாக எழுந்தது. "ஆண்டவர் என் பேரை எழுத வச்சாரு. இந்த வருஷம் விளையறதுல பத்துல ஒண்ணு அவருக்கு" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி இருமினாள். அதற்குள் ஆராதனை நடத்துகிற உபதேசியார் ஆமென் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது வரப்பில் அவள் முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"விளையறதுலன்னா மிராசு பங்கும் சேர்த்தா?"

நான் அதை யோசிக்கவில்லை.

"வீட்டுக்கு வர்றதுலன்னு சொல்லியிருக்கக் கூடாதா? அவரு பங்குக்கும் சேர்த்து நாம கொடுத்துட்டு, புரட்டாசியில எதைப் பொங்கறது?"

அவள் சொன்னது சரி. விதைநெல் எடுத்து, அறுப்புக் கூலி போக மிஞ்சுவதே அடுத்த அறுப்பு வரைக்கும் இழுத்துப்பிடிக்கிற அளவுதான். ஆனால் ஊரறிய ஆண்டவரிடம் சொன்ன வார்த்தையை எப்படி மாற்றுவது? உபதேசியாரைக் கேட்கச் சொன்னாள். நானும் போனேன். அவருடைய ஆட்டுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தேன். மறுபடி போனேன். ஆடு தேறிவிட்டிருந்தது. கடைசியில் அவளே போய்க் கேட்டாள். தசமபாகம் என்கிற அந்தப் பத்தில் ஒன்றை மொத்தத்தில் கொடுத்தவர்களும் வேதத்தில் உண்டு, தனக்குக் கிடைத்ததில் கொடுத்தவர்களும் உண்டு, அவரவர் மனசில் நினைத்ததுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். என் மனசில் அன்றைக்குச் சந்தோஷத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தூற்றிக் குவித்த நெல்லைப் பொலி என்போம். பங்கு பிரிக்கும் முன்னால் அந்தப் பொதுப் பொலியிலிருந்தே ஊர்ப் பிள்ளையாருக்கு ஒரு மரக்கால் அளந்து வைப்பார்கள். அது இரண்டு பேர் பங்கிலும் சமமாக விழும். பிள்ளையாருக்கு எடுக்கிற மாதிரி எங்கள் ஆண்டவருக்கும் பொதுவிலேயே எடுத்துவிட்டால், சொன்ன சொல்லும் நிற்கும், எங்கள் வீட்டு நெற்குதிரும் தப்பும். மிராசுதாரிடம் கேட்டால் போதும். கேட்பதுதான் கஷ்டம். ஒரு வாரம் மாட்டிடம் சொல்லிப் பழகினேன். "ஐயா, பிள்ளையாருக்கு எடுக்கிற மாதிரி எங்க சர்ச்சுக்கும்" என்று தொடங்கும் நீளமான வாக்கியம். மாடு எதிர்ப்புச் சொல்லவில்லை.

அறுப்பு முடிந்தது. அந்த வருஷம் கடைமடைக்கும் தண்ணீர் வந்திருந்ததால் பொலி என் நெஞ்சுயரம் இருந்தது. மிராசுதாரின் காரியக்காரர் மரக்காலைக் கையில் எடுத்தார். அறுப்பாட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். நான் வாயைத் திறந்தேன். பழகிய வாக்கியத்தின் தலையும் வாலும் போய், நடுத்துண்டு மட்டும் வந்தது.

"பத்துல ஒண்ணு பொதுவுல எடுக்கணும்."

காரியக்காரர் மரக்காலைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். நான் கையை ஆட்டினேன். அது அவரை விரட்டுகிற மாதிரி இருந்ததாம், பிற்பாடு சொன்னார்கள்.

சற்று நேரத்தில் மிராசுதார் வண்டியில் வந்து இறங்கினார். எதிர்ப்பக்கத்திலிருந்து, அறுப்பு நாளில் களம் களமாகச் சுற்றுகிற விவசாயிகள் சங்கத்துக்காரர் சைக்கிளில் சிவப்புக் கொடியோடு வந்து சேர்ந்தார். கடவுள் இல்லை என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர். அறுப்பாட்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு என் தோளைப் பிடித்து, "தோழர், தனியாவே ஆரம்பிச்சுட்டீங்களே. சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார்.

மிராசுதார் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"உன் பேரை நானே வந்து எழுதச் சொன்னேன். அதுக்குப் பதில் இதானாப்பா? மேல்கொண்டு பத்துல ஒரு பங்கா?"

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. அவர் முகம் வாடியிருந்தது. எழுதின பெயரோடு சேர்த்து எல்லாம் போயிற்று, இனி அடுத்த வருஷம் இந்தக் களத்தில் எந்த முகத்தோடு நிற்பது என்று நினைத்தேன். நாக்கு அசைய மறுத்தது. கஞ்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு என் மனைவி முன்னால் வந்தாள்.

"அது இவருக்கு இல்லீங்க ஐயா. சாமிக்கு" என்றாள். சர்ச்சில் நான் சொன்னதையும், மாட்டிடம் நான் பழகியதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள்.

சங்கத்துக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு தம் கொடியைப் பார்த்தார். "சாமிக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மிராசுதார் சாக்கின் மேல் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்து மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க பிள்ளையார் ஒரு மரக்காலோட திருப்தியாயிடறாரு. உங்க சாமி என்னைவிடப் பெரிய மிராசா இருப்பாரு போலிருக்கே."

சங்கத்துக்காரருக்கு வந்த காரியம் வீணாகப் போவதில் இஷ்டமில்லை. தமக்கு இரண்டு சாமியும் கிடையாது என்றும், ஆனால் பொதுப் பொலியில் ஒரு சாமிக்கு எடுத்தால் இன்னொரு சாமிக்கும் எடுப்பதுதான் நியாயம் என்றும் வாதாடினார். ஆண்டவருக்காக எங்கள் உபதேசியார்கூட அவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை.

மிராசுதார் யோசித்தார். "சரி. பிள்ளையாருக்கு என்ன உண்டோ அதே ஒரு மரக்கால் உங்க சாமிக்கும். ஆனா பத்துல ஒண்ணு நான் நேர்ந்துக்கலையேப்பா. என் நெல்லை அள்ளிக் கொடுத்துட்டுப் புண்ணியத்தை உன் பேர்ல எழுதிக்குவியா?"

களமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. காரியக்காரர் பிள்ளையாருக்கு ஒன்று, சர்ச்சுக்கு ஒன்று எடுத்து வைத்துவிட்டு, 'ஒன்று' என்பதற்கு வழக்கப்படி "லாபம்" என்று முதல் மரக்காலை அளக்க ஆரம்பித்தார்.

பங்கு பிரித்து எல்லாரும் போன பிறகு எங்கள் நெல்லின் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். பத்தில் ஒன்று மொத்தப் பொலிக்கா, எங்கள் பங்குக்கா என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் ஒரு காலிச் சாக்கைப் பிரித்துப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"சொன்னது சொன்னதுதான். மொத்தத்துக்கும் கொடுத்துடுவோம். பேரு எழுதுனது ஒரு தடவைதானே" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மரக்காலை எடுத்தாள். குவித்துக் குவித்து அளந்தாள். கொடுக்கும்போது அவள் முகம் கல்யாணத்தன்று இருந்ததைவிட நன்றாக இருந்தது. சாக்கைக் கட்டிக்கொண்டே, "புரட்டாசியில பசிச்சா உங்க வாயைத்தான் வேக வைப்பேன்" என்றாள்.

சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் மூட்டைகளை வண்டியில் கொண்டுபோனோம். மிராசுதாரின் ஒரு மரக்கால் தனிப் பையில், மஞ்சள் குங்குமம் வைத்துக் காரியக்காரர் கையில் வந்தது. உபதேசியார் ஒரு கணம் தயங்கி, பிறகு அதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சங்கத்துக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னோம். தாம் வாங்கிக் கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க மட்டும் வந்ததாகச் சொன்னார்.

வானம் திறந்து எதுவும் கொட்டவில்லை. ஆவணி முடியும் முன்பே குதிரின் அடி தட்டிவிட்டது. பட்டுக்கோட்டையில் இருந்த மைத்துனர் கேழ்வரகும் தேங்காயும் அனுப்பினார். அதைக் கிண்டிப் போடும்போதெல்லாம் என் மனைவி, "வாங்க, தசமபாகக் களி ஆறிப்போவுது" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவாள். பசித்துப் படுத்த நாள் ஒன்றும் இல்லை. அந்தக் களியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அடுத்த வருஷம் சாட்சி நேரத்தில் என் கால் மறுபடியும் எழுந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இந்த வருஷமும் பத்துல ஒண்ணு" என்று தொடங்கினேன். பெண்கள் பக்கம் இருமல் கேட்டது.

"வீட்டுக்கு வர்றதுல" என்றேன்.

உபதேசியார் சிரித்து முடித்து ஆமென் சொல்ல வெகு நேரமாயிற்று.