விழுகிறவர்களுக்குப் பின்னால்

சாலமன்ராஜ் ஆளின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. காலைத்தான் பார்க்கிறார். பாஸ்டர் தேவாசீர்வாதம் நெற்றியில் கை வைத்ததும் குதிகால் தரையில் பதிந்து விரல்கள் மேலே எழும்பினால், ஆள் விழப் போகிறார் என்று பொருள். பின்னால் நிற்கும் சாலமன்ராஜ் முழங்காலை மடக்கி, இரண்டு கக்கத்துக்கும் அடியில் கை கொடுத்து, சத்தமில்லாமல் வாங்கித் தரையில் கிடத்துகிறார். பெண்கள் என்றால் கையில் ஒரு போர்வையை விரித்து அதில் வாங்குவார். விழுந்தவர் ஆவியில் நிறைந்து கண்மூடிக் கிடப்பார். இவர் அடுத்த குதிகாலுக்குப் போய்விடுவார்.

தாயில்பட்டி ஜெபவீட்டில் ஞாயிறுதோறும் நடக்கும் சுகமளிக்கும் கூட்டம் இது. மற்ற நாட்களில் அவர் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடுமேன். சரக்குப் பெட்டியைத் தூக்கிப் போடக் கூடாது, இழுக்கக் கூடாது, உரச விடக் கூடாது. அந்தக் கைப்பழக்கம் மனிதர்களிடமும் வந்துவிட்டது. விழுந்தவர்களை இடைவெளி விட்டு, தலையெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி வைக்கிறார். கம்பெனி வாசலில் சோதிக்கிற மாதிரி, வரிசையில் நிற்கும்போதே சாவிக்கொத்து, செல்போன் எல்லாவற்றையும் பறிமுதல் செய்துவிடுவார். "இரும்பு எதுவும் வச்சிருக்கீகளா? ஏலே, ஊடால நடக்காதலே. பதனம், பதனம்!"

பொன்னுத்தங்கம் ஒருத்திதான் அவருக்குத் தீராத தலைவலி. பாஸ்டர் எங்கோ தள்ளி நிற்கும்போதே தொப்பென்று விழுந்துவிடுகிறவள்.

"யக்கா, கை வரட்டும்க்கா! லோடு ஏத்தாம லாரிய எடுத்தா எப்படி?" என்று பிடித்தபடியே சண்டை போடுவார்.

"எனக்கு வருது, நான் விழுதேன். ஒனக்கென்னப்பா?" என்பாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

இந்த ஊழியம் அவருக்குக் கிடைத்ததே பெரிய கூத்து. பாஸ்டர் சென்னைப் பக்கத்திலிருந்து வந்த புதிது. முதல் கூட்டத்தில் ஆவியின் அக்கினியை அழைக்கிற உற்சாகம் பொங்கி, மைக்கில் "தீ! தீ! தீ!" என்று முழங்கிவிட்டார். அட மனுஷா, எந்த ஊரில் வந்து எந்த வார்த்தையைச் சொல்வது! பட்டாசு வேலைக்குப் போகிற சனமல்லவா? அல்லேலூயா சொல்ல ஒரு வாய் மிச்சமில்லை. சபை மொத்தமும் எழுந்து ஓட்டம் பிடித்தது. சுவரேறிக் குதித்தவர்கள் பாதி, ஓடைக்குள் குப்புறப் படுத்தவர்கள் பாதி. கீபோர்டு வாசித்தவர் வெம்பக்கோட்டை பஸ்ஸில் ஏறியே போய்விட்டார். என்னவோ ஏதோ என்று பாஸ்டரும் கூடவே ஓடினார். அந்தக் களேபரத்தில் மிதிபடக் கிடந்த பொன்னுத்தங்கத்தை அலுங்காமல் நலுங்காமல் தூக்கிவந்து வேப்பமரத்தடியில் ஒருவர் இறக்கி வைத்ததை, மூச்சிரைக்க நின்ற பாஸ்டர் பார்த்தார்.

"பிரதர், நீங்க இனிமே எனக்கு எதிர்ல, விழுறவங்க பின்னால நிக்கணும்."

"நிக்கேன். இனி தீன்னு சொல்ல மாட்டீகள்ல?"

அதன்பிறகு பாஸ்டர் தீ என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. அடுத்த வாரம் "மழை! ஆசீர்வாத மழை இறங்கட்டும்!" என்று வேண்டினார். சீசன் நேரம், வெடிமருந்து அடைத்த சரக்கெல்லாம் களத்தில் காய்கிறது. ஒருவர் கூட ஆமென் சொல்லவில்லை. இப்போதெல்லாம் பொத்தாம்பொதுவாக "இறங்கட்டும்!" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஊரில் யார் விழுந்தாலும் பிடிக்கிற இந்த மனிதர், கட்டின பெண்டாட்டியைக் கோட்டைவிட்டவர். அப்போது குடி. சாத்தூரிலிருந்து ஞானஜோதியை மொபெட்டில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தவர், வேகத்தடையில் அவள் விழுந்தது தெரியாமல் வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்திருக்கிறார். வாசலில் நிறுத்தி "எறங்கு" என்றார். யாரும் இறங்கவில்லை. கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று, திரும்பிப் பாராமலே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டிருந்தாராம். முறிந்த கையைச் சேலைத் தலைப்பில் கட்டித் தொங்கவிட்டபடி ஞானஜோதி தெருமுனையில் நடந்து வந்தாள். நர்ஸ் வேலை பார்க்கிறவள். தன் கட்டைத் தானே போட்டுக்கொண்டாள்.

"விழுந்தவ கெடக்காளா செத்தாளான்னு தெரியாத மனுசனோட எனக்கு என்ன குடித்தனம்?" என்று கதவைச் சாத்தினாள்.

அன்றோடு அவர் குடியை விட்டார். அவள் நம்பவில்லை. சாலமன்ராஜ் ஜெபவீட்டின் பின்னறையில் பாயைப் போட்டுக்கொண்டார். பரலோகத்தைப் பற்றி பாஸ்டர் உருகிப் பேசும்போது இவருக்கு ஞாபகம் வருவது அந்தச் சாத்தின கதவுதான். அது திறந்தால் போதும், வேறு மோட்சம் வேண்டாம் என்று வாய்விட்டே சொல்வார்.

போன ஞாயிறு பொன்னுத்தங்கம் ஞானஜோதியை இழுத்துவந்து வரிசையில் நிறுத்திவிட்டாள். முறிந்த கை கூடினாலும் தோளுக்கு மேலே எழும்ப மறுக்கிறது. வேடிக்கை பார்க்கிற ஆசையில் பொன்னுத்தங்கம் அன்று விழவே இல்லை. சாலமன்ராஜ் போர்வையை உதறி விரித்துக்கொண்டு ஞானஜோதியின் பின்னால் போய் நின்றார். இவளை மறுபடியும் தவறவிட்டால்?

பாஸ்டர் கை வைத்தார். ஞானஜோதி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"நெத்திய அமுக்காதீக பாஸ்டர், எனக்குச் சைனஸ் இருக்கு." மைக் வழியாக அது ஊரெல்லாம் கேட்டது. பாஸ்டர் இருமிவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். அவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பின்னால யாரு நிக்கா?"

"நாந்தான்."

"குடிச்சிருக்கீகளா?"

"சத்தியமா இல்ல, ஞானம்."

"ஊதுங்க."

ஆராதனைக்கு நடுவில், சபை மொத்தமும் பார்க்க, சாலமன்ராஜ் குனிந்து அவள் தோளருகே ஊதினார். ஞானஜோதி முகத்தைப் பாதி திருப்பி மோந்து பார்த்தாள். இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். ஊதினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பொன்னுத்தங்கத்திடம் கொடுத்துவிட்டு, பாஸ்டர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்றுகூடப் பாராமல், கண்ணை மூடிக்கொண்டு அப்படியே பின்பக்கம் சாய்ந்தாள்.