நீண்ட காலம் வாழும் சிலந்தி

மகளுக்கு மூச்சிழுப்பு இருந்ததால் பூனையும் வேண்டாம், நாயும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மீன் வளர்ப்போமா என்று கேட்டேன்.

"மீன் எவ்வளவு காலம் உயிரோடை இருக்கும்?" என்றாள்.

எதைக் கண்டாலும் அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தைய ஆண்டு, தங்கச்சிப் பாப்பாவோடு வருவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன நான், கிரவீனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பினேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சொன்ன விதம் சரியா என்பது இன்றைக்கும் தெரியாது.

பிறகு பள்ளிக்கூடத்தில் யாரோ டரன்டுலா என்ற பெரிய சிலந்தி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். உள்ளங்கை அளவு, உடம்பெல்லாம் மயிர். அன்றிலிருந்து அதுதான் வேண்டும் என்று நின்றாள். எனக்குச் சிலந்தி என்றாலே உடம்பு கூசும். ஆனாலும் அவள் மாதக்கணக்கில் எதையும் வேண்டும் என்று கேட்டிருக்கவில்லை.

படிக்கத் தொடங்கினேன். அமெரிக்க இனங்கள் மயிரை உதறும், நாங்கள் குடியேறிய இந்த நாட்டுச் சிலந்திகள் உதறுவதில்லை என்று வாசித்ததில் இழுப்பைப் பற்றிய பயம் கொஞ்சம் தணிந்தது. கடித்தால் நோகும், ஆனால் மனிதர் சாவதில்லை. கையில் எடுத்து விளையாட முடியாது. பெரும்பாலும் மண்ணுக்குள்தான் இருக்கும். குஞ்சாக வாங்கினால் ஆணா பெண்ணா என்று சொல்வது கடினம். ஆண் வளர்ந்து முடிந்ததும் அதிக காலம் இருப்பதில்லை, பெண்ணோ பல வருடங்கள் வாழும். அந்த வரியை வாசித்தவுடனேயே நான் முடிவெடுத்துவிட்டேன். அழகு, நிறம் எதையும் பார்க்கவில்லை. சாகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வளர்ந்த பெண் சிலந்தி ஒன்றை விற்பவர் ஹெலன்ஸ்பர்க் பக்கம் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் திருநீற்றோடு அவருடைய வீட்டுக்குப் போனோம்.

"அர்ச்சனைத் தட்டோடை சிலந்தி வாங்கப் போன ஆக்கள் நாங்கள் மட்டும்தான்" என்றார் கணவர்.

விற்றவர் மகளிடம் பொறுமையாகப் பேசினார். பொந்தின் வாயை நூலால் அடைத்துக்கொண்டால் அது தோல் கழற்றப் போகிறது, தானாகத் திறக்கும்வரை தீனி போடக்கூடாது என்றார். மகள் தலையாட்டினாள். நானும்தான்.

வாரம் ஒருமுறை தீனியாக உயிருள்ள ஒரு சில்வண்டு. மகள் பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, பொந்துக்கு வெளியே ஒரு கால் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாட்களில் அதனோடு மெல்லப் பேசுவதும் கேட்கும். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்னவோ.

கந்தசஷ்டி வந்தது. விரத நாட்களில் வீட்டில் ஓர் உயிரும் சாகக்கூடாது என்றேன்.

"ஸ்பைடருக்குச் சாப்பாடு?" என்றாள்.

"அதுவும் விரதம்தான். மிளகும் தண்ணியும் குடு" என்றார் கணவர். பல நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

விரதத்தின் நடுவில் சிலந்தி பொந்தின் வாயை அடைத்துக்கொண்டது. விற்றவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் விரதம் முடிக்கும் பாரணை அன்று நாங்கள் வயிறாறச் சாப்பிட்டு எழுந்தபோது, அந்த மூடிய வாயைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நாங்கள் பட்டினி போட்டதால்தான் கதவைச் சாத்திக்கொண்டதோ என்று தோன்றியது.

"பசிச்சிருக்கும், பாவம். ஒண்டு மட்டும் போடுவம்."

"அந்த அங்கிள் வேண்டாம் எண்டவர், அம்மா."

"அவருக்கு எங்கடை விரதம் தெரியுமோ?"

கரண்டிக் காம்பால் நூலை ஓரமாக விலக்கி ஒரு சில்வண்டை உள்ளே விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடத்தால் வந்தவள் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "அம்மா, உள்ளுக்கை சத்தம் கேக்குது."

நானும் குனிந்து கேட்டேன். பொந்துக்குள் சில்வண்டு கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் விடாமல் கிரீச்சிட்டது. தின்னப்பட வேண்டியது உயிரோடு இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்குமே விளங்கியது.

மாலையில் கணவர் மண்ணைத் தோண்டினார். கழற்றிய தோல் ஒரு பக்கம், எட்டுக் காலோடும் முழுசாக, அசல் சிலந்தி போலவே கிடந்தது. பக்கத்தில் புதுத் தோலோடு, வெளிறி, மெத்தென்று, அது செத்துக் கிடந்தது. வயிற்றில் சில்வண்டு கடித்த காயம். புதுத் தோல் இறுகும்வரை அதனால் ஒரு பூச்சியைக்கூடத் தடுக்க முடியாதாம். அதை நான் பிறகுதான் வாசித்தேன்.

மகள் அழவில்லை. "இட்ஸ் ஓகே, அம்மா. நீங்கள் பசி எண்டுதானே நினைச்சனீங்கள்" என்றாள். என்னைத் தேற்றுவதற்கு அவள் ஏற்கெனவே பழகியிருந்தாள்.

போன வாரம் விற்றவரின் இணையப் பக்கத்தில் இன்னொரு பெண் சிலந்தியின் படத்தைக் கண்டு அவளிடம் காட்டினேன். எவ்வளவு காலம் வாழும் என்பதையும் வாசித்து வைத்திருந்தேன். பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டு வீட்டுப்பாடம் செய்யப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வியை அவள் கேட்பாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கேட்கவேயில்லை.