திருட்டுப் போகாத வீடு

அந்தத் தெருவில் அவள் எல்லோருக்கும் மிக்சி அக்கா. மிக்சி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி என்று எது மண்டையைப் போட்டாலும் அவளிடம்தான் வரும். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசைமேல் வயிறு பிளந்த மோட்டார்கள் கிடக்கும். சுவரோரம் முறை வருவதற்காக மிக்சிகள் காத்திருக்கும். கணவர் பஸ் டிரைவர். விடியும் முன் வண்டியெடுத்து, மதியம் திரும்பி, சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவார். தலைமாட்டில் மோட்டார் ஓடினாலும் அசையாமல் தூங்குகிற வரம் வாங்கி வந்த மனிதர்.

தெருவில் திருட்டு ஆரம்பித்தது. எல்லாம் பட்டப்பகலில், வீட்டு ஆட்கள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து. எதிர் வீட்டில் டிவி போனது. பக்கத்து வீட்டில் லேப்டாப். முனை வீட்டில் குக்கர் போனது. அதுவும் உள்ளே வெந்திருந்ததை ஒரு பாத்திரத்தில் கொட்டி, ஈ மொய்க்காமல் மூடிவைத்துவிட்டுத்தான் கொண்டுபோயிருந்தான். ஒவ்வொரு வீடாக வந்தவன், மிக்சி அக்கா வீட்டை மட்டும் விட்டுவிட்டான்.

முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு குழாயடியில் பேச்சு வந்தபோது சங்கடமாகிவிட்டது. எல்லோரும் தங்கள் வீட்டுத் திருட்டைக் கண் காது மூக்கு வைத்துச் சொல்ல, அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை. "உங்களுக்கென்னக்கா" என்று ஒருத்தி இழுத்த இழுப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

வீடு வீடாக விசாரித்து வந்த எஸ்.ஐ. அவளிடமும் கேட்டார்.

"உங்க வீட்ல என்னம்மா போச்சு?"

"ஒண்ணும் போகல சார்."

"ஏன் போகல?"

வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை மாதிரி நின்றாள்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. தெருவுல எல்லார் வீட்லயும் போயிருக்கு."

"தேடிப் பாக்கறேன் சார்" என்றாள்.

தேடியும் பார்த்தாள். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

இரண்டொரு நாளில் மாடி வீட்டம்மா நகைப் பெட்டியோடு வந்து நின்றாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. திருடன் கால் படாத வீடு உங்க வீடு ஒண்ணுதான். இது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்." இவளும் தட்ட முடியாமல் வாங்கி வைத்தாள். அந்தச் செய்தி தெருவில் பரவியதுதான் தாமதம். மறுநாள் ஒரு டிவி வந்தது. பின்னாலேயே தையல் மிஷின், கம்ப்யூட்டர், வெள்ளிப் பாத்திரங்கள், கடைசியில் இரண்டு ஃபிரிஜ்ஜும் வந்து சேர்ந்தன. பஸ் டிரைவர் அந்த இரண்டு ஃபிரிஜ்ஜுக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்தார். குளுகுளுவென்று இருக்கிறது என்று ஒருமுறை சொன்னதோடு சரி.

இவ்வளவும் ஒரே இடத்தில் சேர்ந்த பிறகு காவல் போடாமல் முடியுமா? ரிட்டயர்டான பேங்க் மேனேஜர் ஒருவர் நாற்காலி கொண்டுவந்து வாசலை அடைத்து உட்கார்ந்தார். மிக்சியோடு வந்தவர்களை எல்லாம் ஊரென்ன, பேரென்ன, மிக்சி வாங்கிய ரசீது எங்கே என்று குடைந்தெடுத்தார். பாதிப் பேர் அப்படியே திரும்பிப் போனார்கள். மிக்சி அக்காவின் தொழில் படுத்துவிட்டது.

"சார், சாமானெல்லாம் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. திருப்புளி சுத்தக்கூட இடமில்ல."

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. தெரு நல்லதுக்குத்தானே."

ஒரு நாள் காலை கசங்கிய சட்டையும் கையில் இஸ்திரிப் பெட்டியுமாக ஒருவன் வந்தான். சட்டைக்கும் பெட்டிக்கும் பொருத்தம் சரியாக இருந்ததால் மேனேஜர் உள்ளே விட்டுவிட்டார். வந்தவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். முகம் வெளுத்துப்போய் கம்ப்யூட்டர் பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"என்னக்கா, எல்லாம் இங்க இருக்கு?"

"தெருக்காரங்க சாமான்ப்பா. இங்கதான் பத்திரமாம்."

"அதான் எந்த வீட்டுக்குப் போனாலும் வெறும் செவுரா இருக்கு" என்றான், பெருமூச்சோடு. சொன்னது தன் காதிலேயே விழுந்த பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டான்.

மிக்சி அக்காவின் கையிலிருந்த திருப்புளி அப்படியே நின்றது. கத்த வேண்டுமென்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு.

"எங்க வீட்டுக்கு மட்டும் ஏம்ப்பா வரல?"

"யாரு சொன்னா? வந்தேனே. மூணு மிக்சி எடுத்துட்டுப் போனேன். ஒண்ணுகூட ஓடலக்கா. தூக்கிச் சுமந்ததுதான் மிச்சம். மறுநாளே கொண்டாந்து வச்சுட்டேன்."

"எப்ப?"

"ரெண்டு தடவையும் நீங்க குழாயடிக்குப் போயிருந்தீங்க. அண்ணன் இங்கதான் தூங்கிட்டிருந்தாரு."

"ரிப்பேருக்கு வந்த சாமான் எப்படிப்பா ஓடும்?"

"அது அப்புறந்தான் புரிஞ்சுது." தலையைச் சொறிந்தான். "இந்தப் பொட்டி என் சொந்தப் பொட்டிக்கா. நெசமா. இங்க பொழப்பு போச்சு, வேற வேலைக்குக் கேட்டிருக்கேன். சட்டை தேய்க்கணும். எப்ப கெடைக்கும்?"

"நாளைக்கு வா" என்றாள். அவன் போனதும் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு நடந்தாள். போகிற வழியெல்லாம் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. தன் வீட்டிலும் திருடியிருக்கிறான். தன் வீடும் நாலு வீடு மாதிரி வீடுதான்.

எஸ்.ஐ.க்கு அது பிடிபடவில்லை. "போன சாமான் எங்கம்மா?"

"வீட்ல சார்."

"அப்ப என்ன போச்சு?"

ஒருவழியாகப் புரியவைத்து, மறுநாள் அவரை வீட்டுக்கு வரவழைத்தாள். அவர் ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் மறைந்து நின்றார். சொன்னபடி வந்தவன், தொப்பியின் நுனியைப் பார்த்துவிட்டான். ஓடவில்லை.

"பொட்டி சூடாவுதாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

எலிமென்ட் மாற்றியிருந்தாள். சொருகி, சூடேறியதும் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் காட்டினாள். சுர்ரென்றது. அவன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு எஸ்.ஐ.யோடு கிளம்பினான். அவர் பெட்டியையும் எடுத்துக்கொண்டார்.

"அது அவனோட சொந்தப் பொட்டி சார்."

"திருடன்கிட்ட ஏதும்மா சொந்தம்?"

அவன் இரண்டு முறை அந்த வீட்டுக்குள் நுழைந்து போயிருக்கிறான் என்பது தெருவுக்குத் தெரிந்ததும் ஒரே பதற்றம். பிடிபட்டுவிட்டானே என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இப்படித் தொறந்த வீட்லயா எங்க நகைய வச்சிருந்தோம்?" என்றாள் மாடி வீட்டம்மா, கோபமாக. பொழுது சாய்வதற்குள் அவரவர் சாமானை அவரவர் சுமந்துகொண்டு போனார்கள். மேனேஜர் நாற்காலியை மடக்கினார். மிக்சி அக்கா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லோரையும் வழியனுப்பினாள். கதவைச் சாத்திய பிறகுதான் சிரித்தாள்.

பஸ் டிரைவர் கண்விழித்து, இரண்டு பக்கமும் கையால் துழாவினார். "ஃபிரிஜ்ஜெல்லாம் எங்கம்மா?"

"எல்லாம் போயிடுச்சுங்க."

"வேர்க்குது. ஃபேனைப் போடு" என்று திரும்பிப் படுத்தார்.

ஃபேனைப் போட்டுவிட்டு அவள் மேசைக்கு வந்தாள். காலை நன்றாக நீட்டி உட்கார்ந்து, முறை காத்திருந்த மிக்சிகளில் முதலாவதை எடுத்துக் கவிழ்த்தாள்.