சிஸ்டர் யூலாலியா சொல்லாத தெலுங்கு

சிஸ்டர் யூலாலியாவுக்கு ஒன்பது பாஷை தெரியும் என்று கான்வென்ட்டில் சொல்வார்கள். பதினொன்று என்று நான் ஊரில் சொல்லி வைத்திருந்தேன். வெற்றிலைக்கடை வெங்கிட்டுவின் கிளி அவரிடம் மட்டும் மராத்தியில் பேசும் என்று நான் கிளப்பிவிட்டதை நம்பி, பக்கத்துச் செர்லாயிலிருந்து இரண்டு பேர் கிளியைப் பார்க்க வந்து போனார்கள். எண்ணிக்கையையும் கிளியையும்தான் கூட்டினேன். மற்றபடி அவரைப் பற்றிப் பொய் சொல்ல அவசியமே இருக்காது.

அவர் மூலங்குழிக் கடற்கரைக் குடும்பத்துப் பெண். நான் கணக்கு சொல்லிக் கொடுத்த அதே பள்ளிக்கூடத்தில் இந்தி சொல்லிக் கொடுத்தார். விடியுமுன் கோயில், பிறகு வகுப்பு, மாலையில் வெளியே போக அனுமதி. தனியாகப் போகக் கூடாது என்பது மடத்து விதி. அதனால் காது மந்தமான ஒரு வயதான சிஸ்டரைத் துணைக்கு அழைத்துக்கொள்வார். அந்த அம்மாள் ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருப்பார். இவர் எதிரே கொங்கணி பேசுகிறவளின் வாயையோ கட்ச்சி மொழி பேசும் வியாபாரியின் வாயையோ பார்த்துக்கொண்டு நிற்பார். மட்டாஞ்சேரியில் பாஷை கற்றுக்கொள்ளக் கப்பல் ஏற வேண்டாம், தெருவைக் கடந்தால் போதும். முதலில் திட்டுகளைக் கற்றுக்கொள்வார், அடுத்து தாலாட்டை. நடுவில் உள்ளது தன்னால் வந்து சேரும் என்பது அவர் கணக்கு.

கற்றதைப் பூட்டி வைக்கிறவரும் அல்ல. பள்ளி விட்ட பிறகு கான்வென்ட் கேட்டருகே இருந்த கல்பெஞ்சில் யாராவது காத்துக்கொண்டிருப்பார்கள். டாக்டர் சொன்னது புரியாத தமிழ்க் கொத்தனார், முதலாளி சொன்னது புரியாத சுமைக்காரர். யார் எதற்கு அர்த்தம் கேட்டாலும் முழுதாகச் சொல்லிவிடுவார். ஒரு பெண் பார்க்கும் சடங்கில் மாப்பிள்ளையின் அம்மா தன் தங்கையிடம் குஜராத்தியில் முணுமுணுத்ததையும் சேர்த்து மொழிபெயர்த்துவிட்டார். பெண்ணுக்குப் பல் நீளம் என்பது அந்த முணுமுணுப்பு. சம்பந்தம் முறிந்தது. இரண்டு வீட்டாரும் வந்து சண்டை போட்டபோது, ஒருவர் சொன்னதை அடுத்தவருக்குத் தராமல் பிடித்து வைத்துக்கொள்வதும் திருட்டுத்தானே என்று கேட்டார். அப்படி ஒரு மனுஷி அவர். அதனால்தான் அங்கம்மாள் விஷயம் அவரை அந்த அளவுக்கு அறுத்தது.

அங்கம்மாள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். பஜாரில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் சுக்கு தரம் பிரிக்கும் வேலை. அவள் புருஷன் சௌரய்யா தெலுங்கு தேசத்து வேதக்காரக் கிறிஸ்தவன். குண்டூரிலிருந்து மிளகாய் லாரியோடு வந்தவன், இறக்கிய மூட்டைக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டான். சிஸ்டருக்குத் தெலுங்கில் முதல் திட்டைக் கற்றுக் கொடுத்தவனும் அவன்தான். இருவரும் சுள்ளிக்கல்லில் ஒரு பலகை வீட்டில் இருந்தார்கள். ஒரே பெண், பாக்கியம் என்று பெயர். காய்ச்சல் விட்ட மறுநாள் அதை வீட்டில் விட மனமில்லாமல் அங்கம்மாள் வேலைக்குக் கூட்டிப்போனாள். அவள் குனிந்து ஒரு சாக்கைக் கட்டி நிமிர்வதற்குள் குழந்தை கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த படகுத்துறைத் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டுவிட்டது.

சௌரய்யா அன்று அழுதான். அதற்குப் பிறகு அந்தக் குழந்தையின் பெயரை அவன் எடுக்கவே இல்லை. நீதான் கொன்றாய் என்று சொல்லவில்லை. உன் தப்பு இல்லை என்றும் சொல்லவில்லை. சாப்பாடு, கூலி, மழை இவற்றைப் பற்றி மட்டும் பேசிப் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். அவன் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அவள் அவனுக்குச் சோறு போட்டாள்.

எழுபத்தெட்டாம் வருஷம், மழை ஓய்ந்த சமயம், சௌரய்யாவின் நெஞ்சு மிளகாய்த் தூசியால் அடைத்துப்போனது. காய்ச்சல் ஏறியதும் தமிழ் போயிற்று, மலையாளம் போயிற்று, தெலுங்கு மட்டும் தங்கியது. புருஷன் தண்ணீர் கேட்கிறானா, தலையணை கேட்கிறானா என்று அங்கம்மாளுக்குத் தெரியவில்லை. சிஸ்டரை அழைத்து வந்தார்கள். மறுநாள் காலை பங்குச் சாமியாரான அச்சனுக்கும் ஆள் போயிற்று. அவர் சைக்கிளில் வந்தார்.

அச்சனுக்குத் தெலுங்கு தெரியாது. பாவத்தை வாய்விட்டுச் சொல்லாமலே இந்த நிலையில் மன்னிப்புக் கொடுக்கலாம், அதற்கு இடமுண்டு என்றார். சிஸ்டர் அதைச் சொன்னதும் சௌரய்யா தலையை ஆட்டி மறுத்தான். அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியானால் சிஸ்டர் நடுவில் இருந்து சொல்லலாம், ஆனால் கேட்டதை எந்தக் காலத்திலும் யாரிடமும் வெளியிடக் கூடாது, எனக்குள்ள ரகசியக் கட்டு உங்களுக்கும் உண்டு என்று அச்சன் எச்சரித்தார். சிஸ்டர் தலையசைத்தார். அச்சன் பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடும் ஊதாத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அங்கம்மாளை வெளியே போகச் சொன்னார்.

அவள் வெளியே குழாயடியில் நின்றாள். பலகைச் சுவர் எதை மறைக்கும்? புருஷன் அழுவது கேட்டது. புரியாத பேச்சுக்கு நடுவில் பாக்கியம் என்ற பெயர் கேட்டது. அப்புறம் அவள் பெயர். அப்புறம் மறுபடியும் பாக்கியம்.

இரண்டு நாளில் அவன் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து அங்கம்மாள் கல்பெஞ்சுக்கு வந்தாள். நான் குடையை விரிக்கப் பார்த்துக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தேன். எனக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்றால் குடை சீக்கிரம் விரியாது.

"சிஸ்டரே, அவரு என்னப் பத்தி என்ன சொன்னாரு?"

சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். அது கடவுளிடம் சொன்னது, தான் அங்கே வெறும் குழாய் மாதிரி, தண்ணீர் போனபின் குழாயில் ஒன்றும் இல்லை என்றார்.

"கொழாய்க்குக் காது உண்டோ? உங்களுக்கு உண்டே. எம்புள்ள பேரு கேட்டுச்சு, எம்பேரு கேட்டுச்சு. எம்பேர்ல குத்தம் சொன்னாரா, இல்லையா? அது மட்டும் பறயுங்க."

"எனக்கு அனுமதி இல்ல, அங்கம்மா."

"யாரு அனுமதி தரணும்? அச்சனா? நான் போய்க் காலைப் பிடிக்கிறேன்."

அச்சனாலும் முடியாது, அவருக்கு மேலே உள்ளவராலும் முடியாது என்று சிஸ்டர் சொன்னபோது அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. கேட்ட அர்த்தத்தைக் கொடுக்காமல் அந்தப் பெஞ்சிலிருந்து ஒருவரை அவர் அனுப்பியது அன்றுதான் முதல்முறை.

அங்கம்மாள் விடவில்லை. கூலி வாங்கும் நாளெல்லாம் வந்தாள். சொல்ல வேண்டாம், நல்லதாக இருந்தால் ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும் என்று பேரம் பேசினாள். அன்றிலிருந்து சிஸ்டர் அவள் முன்னால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பழகினார். சிரித்தாலும் சொன்னதாகும், கண் கலங்கினாலும் சொன்னதாகும். கிளிக்குக்கூட வேடிக்கை காட்டும் முகம் அது. அவர் தெலுங்கை விட்டார். குண்டூர் வியாபாரிகள் வணக்கம் சொன்னால் மலையாளத்தில் பதில் வணக்கம் சொல்லிவிட்டு நடந்தார். ஏன் என்று நான் கேட்டேன். அந்தப் பாஷையில் வாயைத் திறந்தால் எது பின்னாலேயே வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார்.

ஒரு நாள் நடுப் பஜாரில், சுக்குக் குவியலுக்குப் பின்னாலிருந்து அங்கம்மாள் உரக்கச் சொன்னாள்: "இந்தா போறா பாரு, ஒம்போது பாஷை தெரிஞ்சவ. ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது." கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். சிஸ்டர் நின்று கேட்டுவிட்டுப் போனார். காது மந்தமான அந்த அம்மாள், என்ன சொல்கிறாள் என்று விசாரித்தார். உள்ளதைத்தான் சொல்கிறாள் என்று சிஸ்டர் அவர் காதில் கத்தினார்.

மடத்துத் தலைவியான மதர் கூப்பிட்டு, மங்களூர் மடத்துக்கு மாற்றிவிடவா என்று கேட்டார். சிஸ்டர் வேண்டாம் என்றார். நான் ஓடிப்போனால் அதையும் அவள் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வாள், கெட்ட பதிலாக எடுத்துக்கொள்வாள் என்றார்.

ஆனால் உள்ளுக்குள் அவர் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சௌரய்யா அந்தக் காலை முழுதும் பேசிக்கொண்டே இருந்தவன். அச்சன் வருமுன் பேசினான், துண்டு அச்சன் கழுத்தில் இருந்தபோது பேசினான், கழற்றிய பிறகும் பேசினான். துண்டுக்கு முன்னும் பின்னும் சொன்னது வெறும் பேச்சு. அதற்குக் கட்டு கிடையாது. நிச்சயமாகத் தெரிந்தால் அதைச் சொல்லலாம், ஒரு நூல் சந்தேகம் இருந்தாலும் கூடாது என்றார் அச்சன். சிஸ்டரின் நினைவிலோ எல்லாம் ஒரே தெலுங்காக ஓடிக் கலந்து கிடந்தது. ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, துண்டுக்கு எந்தப் பக்கம் என்று தன்னையே கேட்பார். தெரியவில்லை என்றால் திரும்பவும் உள்ளே போட்டுவிடுவார். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி.

ஒரு நாள் மடத்து அடுக்களையில் கொதிக்கும் பாலை இறக்கும்போது அவர் விரல் சுட்டது. சட்டென்று அப்படியே நின்றுவிட்டாராம். அன்று மாலை அங்கம்மாளுக்கு அவரே ஆள் அனுப்பினார். குடையோடு நானும் இருந்தேன். போகச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

"அங்கம்மா, நீ கேட்டதுக்கு இப்பவும் பதில் இல்ல. சாகிற வரைக்கும் இல்ல. அது வேற. இது அச்சன் வர்றதுக்கு முன்னால."

அங்கம்மாள் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள்.

"நீ தண்ணி பிடிக்கப் போயிருந்த. கடையில இருந்து சாயா வந்துச்சு. நான் ஆத்துறப்ப விரல் சுட்டுப்போச்சு. அச்சன் வந்தப்ப விரல்ல கொப்புளம் இருந்துச்சு, என்ன ஆச்சுன்னு அவரே கேட்டார். அதனால அவர் வர்றதுக்கு முன்னாலதான். எனக்கு நிச்சயம். அப்ப சௌரய்யா என்னை ஒண்ணு கேட்டான்."

"என்ன கேட்டாரு?"

சிஸ்டர் ஒரு வருஷத்துக்கும் மேலாக வாயில் எடுக்காத பாஷையை எடுத்தார். "அங்கம்ம தின்னதா?"

"அப்படின்னா?"

"அங்கம்மா சாப்பிட்டாளான்னு."

அவள் அந்தச் சொற்களை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "தின்னாளான்னா கேட்டாரு, மாட்டக் கேக்கிற கணக்கா?" என்றாள். சிரிக்கப் போனவள் முகம் பாதியில் மாறியது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒருவாட்டியா?"

"மூச்சு வாங்கிட்டு மறுபடியும் கேட்டான்."

பிறகு அங்கம்மாள் தரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "மனசுல வெறுப்ப வச்சிருக்கிற ஆளு அப்படிக் கேப்பாரா?"

சிஸ்டரின் முகம் கல்லாயிற்று.

அங்கம்மாள் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். "உங்களக் கேக்கல, சிஸ்டரே. எனக்குள்ளதான் கேட்டுக்கிட்டேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள்.

"சாப்பிட்டாள்னு சொன்னேன்."

"அன்னைக்கு நான் எங்க சாப்பிட்டேன்? முந்தின நாள்லேர்ந்து பச்சத் தண்ணி எறங்கல."

"தெரியும். பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்." சிஸ்டர் தலை குனிந்திருந்தார். "தெரிஞ்சேதான் சொன்னேன்."

அங்கம்மாள் எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். சுக்குத் தூள் பறந்தது.

"நல்ல காரியம் செஞ்சீங்க" என்றாள். "என்னக் கேட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்."