மைனஸ் நாற்பதுக்கு ஓர் இராயப்பர்

லண்டன் மோர்டனில் பெரிய கடையொன்றின் கார் நிறுத்துமிடத்தில் பதினேழு ஆண்டுகளாக ட்ரொலி தள்ளுகிறவர் செபமாலைமுத்து. சனங்கள் சாமான்களைக் காரில் ஏற்றியதும் ட்ரொலியை எங்கே விடக்கூடாதோ அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றைத் தேடிப் பிடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, வாசலில் கொண்டுவந்து சேர்ப்பது அவர் தொழில். மன்னாரில் இளந்தாரியாக இருந்தபோது கடலுக்குப் போனவர். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான் என்பார். "அங்க மீன் ஓடும், இஞ்ச ட்ரொலி ஓடும். மீனிட்டக் கொஞ்சம் நேர்மை இருந்தது."

கடை கொடுத்த மஞ்சள் மேற்சட்டை, கார்க்காரருக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது. குளிருக்கும் காட்டிக்கொடுத்தது. மற்றவர்களுக்குக் குளிர் கை காலில் பிடித்தால் அவருக்குத் தாடையில் பிடிக்கும். ஐந்து பாகைக்குக் கீழே போனால் ஒரு சொல்லை மூன்று துண்டாகத்தான் வெளியே எடுப்பார். மார்கழி, தை மாதங்களில் வீட்டில் அவர் சண்டை பிடிப்பதில்லை. மனைவி துசியந்திக்கு அந்த இரண்டு மாதமும் பிடித்த மாதங்கள்.

துசியந்தியின் தம்பி ஜெஸ்ரின் ரொறன்ரோவில் இருக்கிறான். குளிர்காலம் வந்தால், உறைந்துபோன வாவிக்கு மேல் நடந்துபோய், பனிக்கட்டியில் துளை போட்டு, கதிரை வைத்துக் குந்தி மீன் பிடிப்பான். அங்கிருந்தே வீடியோவில் அழைப்பான்.

"அத்தான், பாத்தீங்களே? தண்ணிக்கு மேல இருக்கிறன்."

"எவ்வளவு நேரமா இருக்கிறாய்?"

"விடியத் தொடக்கம்."

"என்ன பிடிச்சனீ?"

ஜெஸ்ரின் ஒரு மீனைத் தூக்கிக் காட்டினான். மோர்மிளகாய் அளவில் இருந்தது.

"டேய், உது பிடிச்ச மீன் இல்லையடா. உன்னைப் பாக்கப் பாவமெண்டு தானா வந்த மீன்."

மச்சானுக்கு மூக்கு நுனி வரை கோபம். இரண்டு கிழமையில் பெரிய பொதியொன்று வந்தது. மேலே ஒரு துண்டு: "இதைப் போட்டுட்டுக் கதையுங்கோ."

பொதியைப் பிரித்த துசியந்தி, ஆளொருவன் உள்ளே மடிந்து கிடக்கிறான் என்று இரண்டடி பின்வாங்கினாள். கண்ணைக் குத்தும் செம்மஞ்சளில் பனிமீன் பிடிக்கிறவர்களின் உடுப்பு. மேலே தொப்பி வைத்த தடித்த சட்டை. கீழே நெஞ்சுவரை ஏறி, வாரால் தோளில் மாட்டும் காற்சட்டை. பனிக்கட்டியில் முழந்தாளிட்டால் நோகாதபடி முழங்காலில் மெத்தை. பனி உடைந்து விழுந்தால் ஆள் தாழாமல் மிதக்க உடம்பெங்கும் நுரைத் தகடு. கரையேறியதும் தண்ணீர் வடிந்துபோகக் கால்நுனியில் வலை. உதவிக்கு ஆளைக் கூப்பிடக் கழுத்துப்பட்டியில் ஒரு விசில். பொக்கற்றுகள் பதினொன்று. மைனஸ் நாற்பது வரை தாங்கும் என்று உள்ளே எழுதியிருந்தது. மோர்டனில் விழுந்து தாழக்கூடிய தண்ணீர் பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் மட்டும்தான் உண்டு. அதுவும் கவுன்சில் அடைப்பெடுக்கும் வரைக்கும்.

அதைப் போட்ட நாள் தொடக்கம் செபமாலைமுத்து வேறு ஆள். தாடை இளகியது. தை மாதத்திலேயே வீட்டில் சண்டை பிடித்தார். அதைவிட விசேஷம் வெளியில். அந்தச் செம்மஞ்சளோடு விம்பிள்டன் நிலையத்தில் நின்றால் வெள்ளைக்காரர் வரிசையாக வந்து ரயில் ஏன் தாமதம் என்று அவரிடம் கேட்டார்கள். முதலில் தெரியாது என்றார். கேட்டவர்களின் முகம் வாடியதைப் பார்த்துப் பாவப்பட்டு, "பத்து நிமிசம்" என்று சொல்லத் தொடங்கினார். பெரும்பாலும் சரியாகவே வந்தது. அறிவிப்புப் பலகையை விட அவரை நம்பலாம் என்று ஒரு கிழவி சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் செபமாலைமுத்துவுக்கு வேண்டியிருந்தது இந்த மரியாதை அல்ல. அவருக்கு இராயப்பராக வேண்டும்.

அவருடைய கத்தோலிக்கப் பங்கின் தமிழர்கள் ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று கோவில் முற்றத்தில் திருப்பாடுகளின் நாடகம் போடுவார்கள். அதில் பதினோராண்டுகள் நடித்திருந்தார். கூட்டத்தில் ஐந்தாவது ஆளாகத் தொடங்கி, கழுதையின் கயிற்றைப் பிடிப்பவராக உயர்ந்து (கழுதை கிடையாது, கயிறு உண்டு), படைவீரர் இருவரில் இரண்டாமவர்வரை வந்துவிட்டார். சேவல் கூவுமுன் ஆண்டவரை மூன்று தரம் மறுத்தவர், இளையவர்கள் பேதுரு என்றும் மூத்தவர்கள் இராயப்பர் என்றும் சொல்லும் அந்த மீனவரின் வேடமோ, மீனைப் பொரித்த பிறகு மட்டுமே அறிந்த ஒரு கணக்காளரிடம் இருந்தது. இந்த ஆண்டு கணக்காளர் பேர்மிங்காமுக்கு வீடு மாறினார். செபமாலைமுத்து அவருடைய சாமான் ஏற்ற உதவிக்குப் போனார். மூன்று பேரின் வேலையைத் தனியாகச் செய்தார்.

நாடகத்தின் நெறியாளர் றோஸ்மலர், தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். நடிகர்களையும் வார்ட்டில் படுத்திருப்பவர்களாகவே நடத்துவார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: ஆண்டவர் காலத்தில் இல்லாதது ஆடையில் இருக்கக்கூடாது. அங்கிக்குள் காலுறை போட்டுவந்ததற்காக, கை கழுவ வேண்டிய பிலாத்துவையே அவர் கை கழுவியிருக்கிறார். அந்த மனுசன் இன்றுவரை கதிரை அடுக்குகிறார்.

"செபமாலை, இந்த முறை நீர்தான் இராயப்பர்," என்றார் றோஸ்மலர். "போன வருசம் படைவீரனா நிண்டு, 'இவன்தான்' எண்டுறதை 'இ, இ, இவ' எண்டு சொன்னீர். ஆரைப் பிடிக்கிறதெண்டு சனத்துக்கு விளங்கேல்லை. இந்த முறையும் நடுங்கினால் அடுத்த வருசம் கதிரை. உள்ளுக்க ஏதும் போட்டாலும் கதிரை. விளங்குதோ?"

"விளங்குது அக்கா."

விளங்கியது. நடுங்கவும் கூடாது, போடவும் கூடாது. பெரிய வெள்ளி அந்த ஆண்டு பங்குனிக் கடைசியில் விழுந்தது. மூன்று பாகை, தூறல், தேம்ஸ் பக்கமிருந்து காற்று. செபமாலைமுத்து ஒரு முடிவெடுத்தார். துசியந்தி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே அங்கியை இரண்டு பக்கமும் பிரித்து அகலமாக்கித் தைத்தாள்.

உடை மாற்றும் அறை வாசலில் றோஸ்மலர் நின்றார்.

"என்ன செபமாலை, திடீரெண்டு பொதுபொதுவெண்டு இருக்கிறீர்? உள்ளுக்க என்ன?"

"ஒண்டுமில்லை அக்கா. தவக்காலம் முழுக்க இறைச்சி சாப்பிடேல்லை. மாச்சத்து கூடிப்போச்சு."

முற்றத்துக்கு வரிசையாக நடந்தபோது றோஸ்மலர் திரும்பினார். "என்ன சரசரவெண்டு சத்தம்? உம்மட உடுப்பே?"

"உடுப்பில்லை அக்கா, முழங்கால். வயசு போகுதெல்லோ."

திரைக்குப் பின்னால் நிற்கும்போது மணிக்கட்டடியில் செம்மஞ்சள் எட்டிப் பார்த்தது. றோஸ்மலர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "உது என்ன நிறம்?"

"மாதா அறிய எனக்குத் தெரியாது அக்கா!"

பக்கத்தில் நின்ற துசியந்தி, "மூண்டு," என்றாள்.

"என்ன மூண்டு?"

"ஒண்டுமில்லை. போங்கோ."

தலைமைக் குருவின் முற்றத்துக் காட்சி. வேலையாட்கள் நெருப்பைச் சுற்றி நின்று குளிர்காய வேண்டும். பாதுகாப்புக் காரணங்களுக்காக உண்மை நெருப்புக்கு அனுமதி இல்லை. சிவப்பு மின்குமிழ் ஒன்றின்மேல் பட்டுத்துணிக் கீலங்களைக் கட்டி, அவை சுவாலைபோல ஆட அடியில் மேசைக் காற்றாடி வைத்திருந்தார்கள். அந்தக் குளிரில், காற்றாடிக்கு முன்னால் கையை நீட்டி, சுகமாக இருப்பதுபோல நடிப்பதற்குப் பெரிய விசுவாசம் வேண்டும். எல்லாருடைய விரலும் நீலம். செபமாலைமுத்துவுக்கு மட்டும் அந்தக் காற்று அமிர்தம். உள்ளே அவர் வெந்துகொண்டிருந்தார். வேர்வை கால் வழியே இறங்கி, அதற்கென்று வைத்த வலையால் ஒழுங்காக வடிந்தது.

வேலைக்காரப் பெண்ணாக நடித்த ஏஞ்சலா, பல்கலைக்கழக மாணவி, மைக்கை மூடிக்கொண்டு கிசுகிசுத்தாள். "அங்கிள், ஆர் யூ ஓகே? யூ ஆர் ஸ்டீமிங்."

"வசனத்தைச் சொல்லு பிள்ளை!"

"நீயும் அந்த நசரேயனோடு இருந்தவன்தானே?"

"அந்த மனிதனை நான் அறியேன்!"

கணீரென்று வந்தது. தாடை ஒரு தடவைகூடத் தட்டவில்லை. இரண்டாம் முறையும் மறுத்தார். மூன்றாம் முறை சத்தியம் செய்து மறுத்தார். அன்றைக்கு நல்ல பழக்கமும் இருந்தது. பின்வரிசையில் ஒருவர், "சா, என்னமா மறுக்கிறான்," என்றார். றோஸ்மலர் ஓரத்தில் நின்று தலையாட்டினார். பதினோராண்டில் அவர் தலையாட்டியதை யாரும் கண்டதில்லை.

இனிச் சேவல் கூவ வேண்டும். கூவவில்லை.

சேவல் டெனுசனின் கைபேசியில் இருந்தது. மின்வேலை செய்கிற டெனுசன், ஒத்திகையெல்லாம் மண்டபத்துக்குள் சூடாக நடந்ததால், கைபேசிக்கும் குளிருமென்று நினைக்கவில்லை. குளிரில் அது செத்துப்போயிருந்தது. அதை அக்குளுக்குள் வைத்துச் சூடேற்றினான். ஊதினான். முந்நூறு பேர் காத்திருந்தார்கள்.

முற்றத்தின் மறுகரையில், கை கட்டப்பட்ட ஆண்டவராக றமணன் நின்றான். மெல்லிய வெள்ளைத் துணி, வெறுங்கால். சேவல் கூவினால்தான் அவன் திரும்பி இராயப்பரை நோக்க வேண்டும். நோக்கினால்தான் உள்ளே கொண்டுபோவார்கள். சேவல் இல்லாமலே அவன் திரும்பிப் பார்த்தான். உதடு கருநீலம். பாவமன்னிப்பு வழங்கும் பார்வை அல்ல அது. 'எதையாவது செய்யுங்கோ அண்ணை' என்ற பார்வை.

செபமாலைமுத்துவின் கை கழுத்துக்குப் போனது. அங்கிக்குள், பட்டியில், விசில். அதை எடுக்க அங்கியை நெஞ்சுவரை திறக்க வேண்டும். பக்கத்தில் றோஸ்மலர். இத்தனை ஆண்டும் காத்திருந்த வேடம். எதிரே கதிரை அடுக்குகிற பழைய பிலாத்து, இப்போதே இடம் விட்டு நகர்ந்து நிற்பதுபோல் தெரிந்தது.

திறந்தார். ஊதினார்.

வாவிக்கு அக்கரையில் இருக்கிறவனுக்குக் கேட்கவென்று செய்த விசில். முன்வரிசைக் குழந்தைகள் வீரிட்டன. பக்கத்துத் தெருவில் நாய்கள் பதில் சொல்லின. சிவப்பு வெளிச்சத்தில் இராயப்பரின் நெஞ்சு செம்மஞ்சளாக எரிந்தது. சட்டையின் வெள்ளிப் பட்டைகள் மின்னின. மறுகணம் அவர் முழந்தாளில் விழுந்து (மெத்தை இருந்ததால் தயங்காமல் விழுந்தார்) விம்மி விம்மி அழுதார். அது நடிப்பில்லை என்பது துசியந்திக்கு மட்டும் தெரியும். றமணன் பாய்ந்து உள்ளே போனான். அன்றைக்குப் படைவீரர்தான் ஆண்டவருக்குப் பின்னால் ஓடவேண்டி வந்தது.

எல்லாம் முடிந்தபின் றோஸ்மலர் வந்தார்.

"செபமாலை. உதைப் போட்டிருந்தீரோ?"

"ஓம் அக்கா. போட்டனான்."

"மூண்டு தரம் கேட்டனான்."

"ஓம் அக்கா."

றோஸ்மலர் சட்டையின் கைநுனியை இரண்டு விரலால் பிடித்துத் தடவிப் பார்த்தார், காய்ச்சல்காரனின் தோலைப் பார்ப்பதுபோல. கொஞ்சம் அதிகநேரம் பார்த்தார். அவருடைய விரலும் நீலம்.

ஈஸ்டர் ஞாயிறன்று கோவில் பலகையில் அடுத்த ஆண்டுப் பட்டியல் தொங்கியது. செபமாலைமுத்து அதைக் கீழிருந்து மேலே படித்தார். கதிரை: டெனுசன். சேவல்: செபமாலைமுத்து. இராயப்பர்: செபமாலைமுத்து. அதற்குப் பக்கத்தில், தாதிமாரின் எழுத்தில், 'உடை கடுமையாகச் சோதிக்கப்படும்.'

அன்றைக்கே ரொறன்ரோவுக்கு அழைத்தார்.

"தம்பி, உந்த உடுப்பு மண்ணிறத்தில கிடைக்குமோ?"

"விசரே அத்தான்? பனிக்குள்ள விழுந்தா ஆளைக் கண்டுபிடிக்கத்தான் செம்மஞ்சள். மண்ணிறத்தில போட்டால் ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டினம்."

"அதுதான் ராசா வேணும். ரெண்டு எடுத்து அனுப்பு. ஒண்டு சின்னன். றோஸ்மலர் அக்காவின்ர அளவு."